இன்னிக்கு நான் வாசிச்சதைக் கேட்டியா?

போன வருஷம் மாசி மாதக் கடைசியில் வளசரவாக்கத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போயிருந்தேன். அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரரின் தங்கைக்குக் கல்யாணம். மொய்க் கவரைக் கொடுத்து, மேடையேறி போட்டோ எடுத்துக்கொண்டு, பந்தியில் இடம் கிடைக்கும்வரை பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மணமேடைக்கு இடது பக்கம் லைட் மியூசிக். இரண்டு பாடகர்கள், கீபோர்டு, பேட்ஸ் என்கிற எலக்ட்ரானிக் டிரம், தபேலா, கிட்டார். பெரியவர்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை, குழந்தைகள் மட்டும் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் கிட்டார் வாசிப்பவரின் இடது கை கண்ணில் பட்டது. முகத்தை நான் பார்க்கக்கூட இல்லை. சுண்டுவிரலைத் தந்தியில் வைக்காமல் விறைப்பாக வெளியே நீட்டிக்கொண்டு, மற்ற மூன்று விரல்களால் மட்டும் வாசிக்கிற கை. அந்தக் கையை எனக்குத் தெரியும். 2001 ஜனவரியில், சென்னை ஐஐடியின் கலைவிழாவான சாரங் நடந்த ஓர் இரவு, அங்கே திறந்தவெளி அரங்கில், நடுப்படிக்கட்டில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்போது நான் எங்கள் கல்லூரி பேண்டில் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். கல்ச்சுரல்ஸ் சீசனில் ஒரு கல்லூரி விடாமல் சுற்றிய எங்களுக்கெல்லாம் இந்தக் கிட்டார் அண்ணனுடைய பேண்டுதான் அளவுகோல். நாங்கள் வெளிநாட்டு பேண்டுகளின் பாட்டுகளை அச்சு அசலாக வாசிக்கவே திணறிக்கொண்டிருந்தபோது, அவர்கள் தாங்களே எழுதிய பாட்டுகளை வாசித்தார்கள். கூட்டத்துக்கு அந்த வரிகள் மனப்பாடமாகத் தெரியும். நான்கு பாட்டுகளைப் பதிவு செய்து, சி.டி.யில் ரைட் பண்ணி, ஜெராக்ஸ் எடுத்த அட்டை போட்டு ஐம்பது ரூபாய்க்கு விற்றார்கள். நான் வாங்கியது இன்றைக்கும் வீட்டில் இருக்கிறது. 2003-ல் பேண்டு கலைந்துவிட்டது. பாடகர் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போனார். டிரம்மர் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தார். கிட்டார் அண்ணனைப் பற்றி மட்டும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. சினிமாவில் முயற்சி செய்கிறார் என்று ஒருவர் சொன்னார். ஊரைவிட்டே போய்விட்டார் என்றார் இன்னொருவர்.

ஒன்பது மணிக்கு அவர்கள் இடைவேளை விட்டபோது மண்டபத்தின் பின்பக்கம் போனேன். ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தார். பேண்டின் பெயரைச் சொன்னேன். சாரங்கைப் பற்றிச் சொன்னேன். சந்தோஷமாகச் சிரித்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான், "நீங்க எவ்வளவு பெரிய ஆளுண்ணா, இங்க வந்து இதையெல்லாம் வாசிச்சிட்டு இருக்கீங்களே" என்று சொல்லிவிட்டேன். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னேன். தொண்டைகூட அடைத்தது. அவர் டீ டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னிக்கு நான் வாசிச்சதைக் கேட்டியா தம்பி?" என்றார். கேட்டேண்ணா என்றேன். "எந்தப் பாட்டு?" என்றார். எனக்கு ஒரு பாட்டுகூட நினைவில் இல்லை. முக்கால் மணி நேரம் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவருக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன், ஒரு ஸ்வரம்கூடக் காதில் ஏறவில்லை. அவர் கோபப்படவில்லை. "சாப்ட்டியா? கடைசிப் பந்தி போட்டுடுவாங்க, போய் உக்காரு" என்று தோளில் தட்டிவிட்டு மேடைக்குப் போய்விட்டார்.

அந்தக் கேள்வி மாதக்கணக்கில் என்னைவிட்டுப் போகவில்லை.

அப்புறம் என்ன ஆனார்?

நுங்கம்பாக்கம் அபெக்ஸ் பிளாசாவில் லேண்ட்மார்க் புத்தகக் கடை இருந்த காலத்தில், பத்திரிகை அடுக்குக்குப் பக்கத்தில் நின்றபடியே பாதிப் புத்தகத்தைப் படித்து முடித்தவன் நான். அலகாபாத்திலிருந்து வந்துகொண்டிருந்த ராக் இசைப் பத்திரிகையான ராக் ஸ்ட்ரீட் ஜர்னல் கிடைத்தால் அன்றைக்குப் பண்டிகை. பிறகு இணையம் கைக்கு வந்ததும், பேண்டுகளை விட்டுப் போனவர்களும் விலக்கப்பட்டவர்களும் அப்புறம் என்ன ஆனார்கள் என்று தேடிப் படிப்பதே ஒரு பழக்கமாகிவிட்டது. ஜேசன் எவர்மேன் கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அமெரிக்க ராக் பேண்டான நிர்வாணாவின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ய ஆன செலவு 606 டாலர் 17 சென்ட். அதைக் கொடுத்தவர் அவர். அந்த ஆல்பத்தில் அவர் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை, ஆனாலும் அட்டையில் அவர் படமும் பெயரும் உண்டு. நிர்வாணாவிலும் நிலைக்கவில்லை, பிறகு சேர்ந்த சவுண்ட்கார்டனிலும் நிலைக்கவில்லை. இரண்டு பேண்டுகளும் அவர் இல்லாமல் உலகப் புகழுக்குப் போயின. அவர் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, சிறப்புப் படையில் ஆப்கானிஸ்தானுக்கும் ஈராக்குக்கும் போய்வந்து, அதன் பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துப் பட்டம் வாங்கினார்.

வளசரவாக்கத்துக்குப் பிறகு இந்தக் கதையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தபோது, இத்தனை வருஷமாக அதை நான் எப்படிச் சொல்லிவந்தேன் என்பது புரிந்தது. என் குரலில் அது எப்போதும் ஒரு நஷ்டக் கணக்கு. பாவம், இரண்டு லாட்டரிச் சீட்டையும் தொலைத்தவர். ஒரு மனிதன் சிப்பாயாக இருந்து, தத்துவம் படித்த இத்தனை வருஷங்களும் எனக்கு அந்த ஓரிரு வருஷங்களின் வால் மாதிரிதான் தெரிந்தன. ஆர்.இ.எம். பேண்டின் டிரம்மர் பில் பெரியையும் இப்படித்தான் பார்த்தேன். 1995-ல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மூளையில் ரத்தக்குழாய் வெடித்துச் சரிந்தவர். பிழைத்து வந்து, 1997-ல் தானாகவே பேண்டைவிட்டு விலகி, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் விவசாயம் பார்க்கப் போனார். செத்துப் பிழைத்தவர் நிலத்துக்குப் போய் நிம்மதியாக இருக்கிறார் என்றால் நாம் சந்தோஷப்பட வேண்டும். நான் "ஐயோ, விட்டுட்டாரே" என்றேன். குயின் பேண்டின் பிரையன் மே, 70களில் பாதியில் விட்ட வானியற்பியல் ஆராய்ச்சியை மறுபடி எடுத்து 2007-ல், அறுபது வயதில், முனைவர் பட்டம் வாங்கினார். அதைப் படித்தபோது மட்டும் கைதட்டினேன். அவர் அதற்குள் பெரிய ராக் ஸ்டார் ஆகிவிட்டிருந்தார் அல்லவா, அதனால்தான். புகழுக்குப் பிறகு ஒருவர் எதைச் செய்தாலும் நமக்கு அது ஒன்று அதிசயம், இல்லாவிட்டால் சரிவு. வெறும் வேலையாக அது தெரிவதே இல்லை.

வாத்தியம் வாடகைக்கு

இதில் எனக்குக் கூடுதலாக உறுத்துவது, நான் சென்னைக்காரன் என்பது. இந்த ஊரில் பேண்டு என்பது என்றைக்குமே ஒருவருடைய முழு வாழ்க்கையாக இருந்ததில்லை. ஏ.ஆர். ரகுமானுக்கு ஒன்பது வயதிருக்கும்போது 1976-ல் அப்பா ஆர்.கே. சேகர் இறந்துபோனார். அப்பா விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் வீடு நடந்தது. பள்ளி வயதிலேயே ரெக்கார்டிங்குகளில் கீபோர்டு வாசிக்கப் போனார். அதே காலத்தில்தான் சிவமணி, சுரேஷ் பீட்டர்ஸ் போன்றவர்களோடு ரூட்ஸ் என்ற பேண்டிலும், நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் பேண்டிலும் இருந்தார். விளம்பரங்களுக்கு மெட்டுப் போட்டார். வீட்டின் பின்பக்கம் ஸ்டூடியோ கட்டினார். 1992-ல் முதல் படம் வெளிவந்தது. இதில் எதைப் 'புகழுக்கு முன்' என்று தனியாக வெட்டி எடுப்பது? காலையில் கால்ஷீட், சாயங்காலம் பேண்டு, நடுவில் வாத்திய வாடகை என்று எல்லாம் ஒரே ஆள், ஒரே கை.

அந்த பேண்டிலிருந்து வந்த சுரேஷ் பீட்டர்ஸ் விஷயத்தில் என் வாயாலேயே தப்பாகப் பேசியிருக்கிறேன். 90களில் 'பேட்டை ராப்' பாடியவர் என்றால் தமிழ்நாட்டில் தெரியாதவர் கிடையாது. கொஞ்ச காலத்தில் தமிழ்ப் பாட்டுகளில் அந்தக் குரலை அதிகம் கேட்க முடியவில்லை. "அவர் அவ்வளவுதான், காணாமப் போயிட்டார்" என்று ஒருமுறை கொச்சிக்காரரான என் அறைத்தோழனிடம் சொன்னேன். அவன் விநோதமாகப் பார்த்தான். 1998-ல் 'பஞ்சாபி ஹவுஸ்', 2000-ல் 'தெங்காசிப்பட்டணம்' என்று இரண்டு மலையாளப் படங்களின் பாட்டுகளை வரிசையாகப் பாடிக் காட்டினான். இரண்டுக்கும் இசை சுரேஷ் பீட்டர்ஸ். வாளையாறு தாண்டி அந்தப் பக்கம் ஒரு தலைமுறையே அந்தப் பாட்டுகளோடு வளர்ந்திருக்கிறது. நாம் பார்ப்பதை நிறுத்திய இடத்தில் அவர் வாழ்க்கை நின்றுவிட்டதாக நான் முடிவு கட்டியிருந்தேன்.

நமக்குத் தெரிகிற ஒரே 'அப்புறம்' இசையமைப்பாளர் ஆவதுதான். லா பொங்கல் பேண்டின் தர்புகா சிவா படங்களுக்கு இசையமைத்தார், பிறகு இயக்குநரும் ஆனார். அதே பேண்டில் பாடிய அந்தோணி தாசனின் குரல் சினிமா வழியாக வீட்டுக்கு வீடு போனது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற பேண்டு முதல் தடவை மேடையேறியபோது பத்தொன்பது பேர் நின்றார்கள். கானா, பறை, ராப், ராக் கிட்டார் எல்லாம் ஒரே மேடையில். அதில் பாடிய இசைவாணி அதற்கு முன்பே வடசென்னையில் கானா பாடிக்கொண்டிருந்தவர். 2020-ல் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. தெருவோர மேடைகளில் பாடிப் பாடித் தேறிய குரலை பேண்டு கொஞ்சம் அதிகம் பேர் காதில் போட்டது, அவ்வளவுதான். இவர்களையெல்லாம் நினைத்து எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பத்தொன்பது பேரில் எத்தனை பெயரைப் பார்க்காமல் சொல்வேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஆறுக்கு மேல் போகவில்லை. 'இளைய நிலா' பாட்டின் கிட்டாரை வாயாலேயே வாசித்துக் காட்டாத கிட்டார் மாணவன் இந்த ஊரில் இருக்க முடியாது. அதை வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்று எனக்குத் தெரியவந்தபோது முப்பது வயது தாண்டியிருந்தது. கேசட் அட்டையில் அவர் பெயரைப் பார்த்த நினைவே எனக்கு இல்லை. ரகுமானின் சி.டி. அட்டைகளில் பேஸ் கீத் பீட்டர்ஸ் என்று அச்சாகி வந்தபோது, பேஸ் வாசிக்கிற பையனாக அந்த வரியை எத்தனை தடவை விரலால் தொட்டுப் பார்த்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பெயர் அச்சாவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தவன்தான் நான். தெரிந்தும் அண்ணனிடம் அப்படிப் பேசினேன்.

ஆடி மாதம், அயனாவரம்

அந்த ட்ரூப்பின் விசிட்டிங் கார்டைக் கீபோர்டு ஸ்டாண்டிலிருந்து எடுத்து வந்திருந்தேன். நாலைந்து மாதம் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். ஆடி பிறந்ததும் கூப்பிட்டு, அடுத்த கச்சேரி எங்கே என்று மட்டும் கேட்டேன். அயனாவரத்தில் ஒரு அம்மன் கோவில் தெரு, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, கூழ் ஊற்றும் திருவிழா. இந்த முறை கேட்பதற்கென்றே போனேன். தெருவை அடைத்து மேடை போட்டிருந்தார்கள். மேடைக்கு நேர் எதிரே ஒரு வீட்டுத் திண்ணையில் இடம் கிடைத்தது.

கேட்க ஆரம்பித்த பிறகுதான் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தது. அந்த ட்ரூப்பில் பேஸ் கிட்டார் கிடையாது. அண்ணன் கட்டைவிரலால் பேஸை நடத்திக்கொண்டே மற்ற விரல்களால் கார்டு பிடித்தார். ஸ்டூடியோவில் நாற்பது வயலின் வாசித்த இன்டர்லூடை, அதாவது பாட்டின் இடையிசையை, ஒற்றைக் கிட்டாரில் கொண்டுவந்தார். நாற்பதையும் வாசிக்கவில்லை, எந்த ஐந்து ஸ்வரம் இல்லாவிட்டால் அந்தப் பாட்டு அந்தப் பாட்டாக இருக்காதோ அதை மட்டும் எடுத்தார். பாடகி ஒரு சரணத்தைத் தவறான இடத்தில் எடுத்துவிட்டார். பேட்ஸ்காரர் தடுமாறினார். அண்ணன் ஒரு சுற்றை அப்படியே விழுங்கி, அந்தப் பெண் நின்ற இடத்துக்குத் தாளத்தைக் கொண்டுவந்து சேர்த்தார். தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. இருபது வயதில் அந்தத் திறந்தவெளி அரங்கில் நான் பார்த்ததெல்லாம் வேகம். எங்கள் பேண்டில் ஒருவர் தப்பினால் மற்ற நால்வரும் திரும்பி முறைப்போம். இப்படி ஒரு வாசிப்பு அந்த வயதில் எங்கள் யாருக்கும் வராது, அண்ணனுக்கும் வந்திருக்காது.

பத்தரை மணிக்கு அன்னதானத்துக்காக நிறுத்தினார்கள். மேடைக்குப் பின்னால் போனேன். என்னை அடையாளம் தெரிந்தது. நான் எதுவும் சொல்வதற்கு முன், "எந்தப் பாட்டு?" என்றார். சொன்னேன். அந்தப் பெண் தவறவிட்ட சரணத்தையும் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். தொன்னையில் சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவர், அப்பாவுக்கு ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை. பத்து வயதில் சர்ச் கொயரில் கிட்டார் எடுத்திருக்கிறார். பேண்டு கலைந்த பிறகு சினிமாவில் நாலைந்து வருஷம் ஓடியிருக்கிறார். "பதினாறு பார் வாசிப்பேன், சாயங்காலம் பணம் கையில குடுத்துடுவாங்க. ஆறு மாசம் கழிச்சு ஆட்டோல போறப்ப எஃப்.எம்.ல அது வரும். டிரைவர் கிட்ட சொல்லலாமான்னு இருக்கும், சொல்ல மாட்டேன்." பிறகு கீபோர்டிலும் கம்ப்யூட்டரிலுமே பாதி வாத்தியம் வந்துவிட, கால்ஷீட் குறைந்தது. மேடைக்கு வந்துவிட்டார். தையிலிருந்து ஆனிவரை முகூர்த்தக் கச்சேரிகள், ஆடியில் அம்மன் கோவில்கள், புரட்டாசியில் கை கொஞ்சம் காயும், மார்கழியில் கல்யாணம் இல்லை, ஆனால் சர்ச்சுகளில் கேரல் இருக்கும். கொரோனா வந்த இரண்டு வருஷம்தான் ரொம்பக் கஷ்டப்பட்டதாகச் சொன்னார். ஒரு கிட்டாரை விற்றிருக்கிறார். இப்போது நிறைய மண்டபங்களில் டி.ஜே. வைத்துக்கொள்கிறார்கள், அந்தக் கவலையும் இருக்கிறது.

"பேண்டுல நான் இருந்தது நாலு வருஷம்டா. அதுக்கு முன்னாடி பத்து வருஷத்துக்கு மேல சர்ச்சுல வாசிச்சேன். அதுக்கப்புறம் இருபது வருஷமா வாசிச்சிட்டு இருக்கேன். யார் வந்தாலும் அந்த நாலு வருஷத்தைப் பத்தியே கேக்கறாங்க." குறையாகச் சொல்லவில்லை. கணக்கைச் சொல்வது போலச் சொன்னார். தம்பி என்பது 'டா' ஆனதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

ஒன்றை மட்டும் கேட்டே ஆக வேண்டியிருந்தது. அன்றைக்கு இரண்டு பாட்டுகளில், ஒரு இன்டர்லூடை முடிக்கும்போது, ச-வில் வந்து உட்காருவதற்கு முன் கீழே இருக்கிற நி-யை ஒரு தடவை தொட்டு, அங்கிருந்தே தந்தியை இழுத்து மேலே ஏறினார். சினிமாப் பாட்டில் அந்த இடம் அப்படி இல்லை. ஐம்பது ரூபாய் சி.டி.யின் மூன்றாவது பாட்டில், சோலோ முடியும் இடத்தில் இதே இழுப்பு வரும். இருபது வருஷத்துக்கு மேல் நான் கேட்டுவருவது. "அந்த பேண்டு பாட்டுல வர்றதுதானேண்ணா அது?" என்றேன்.

"அது பாட்டுக்கு முன்னாடியே இருக்குடா," என்றார். "சர்ச்சுல ஒரு அங்கிள் ஆர்கன் வாசிப்பார். ஆமென் முடிக்கறப்ப இப்படித்தான் கீழ இறங்கிட்டு ஏறுவார். ஃபாதர்கூட ஒரு நிமிஷம் நின்னு கேட்பார். நான் அதைத்தான் எடுத்துக்கிட்டேன்." சொல்லிவிட்டு அந்த ஆமெனைத் தணிந்த குரலில் பாடிக் காட்டினார். ஆர்கன் எப்படி இழுத்து நிற்குமோ அதே மாதிரி கடைசி ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேடையிலிருந்து கீபோர்டுக்காரர் கூப்பிட்டார். அண்ணன் தொன்னையை என் கையில் கொடுத்துவிட்டு, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "என்ன ஸ்கேல்?" என்று கேட்டபடி படி ஏறினார்.